பழைய பூல் கியூவைப் பழுதுபார்ப்பதா, புதுப்பிப்பதா? லேத்தில் ஏற்றும் முன் செய்ய வேண்டியவை

நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் காலமான பின், அவர் வீட்டுச் சாமான்களை ‘எஸ்டேட் சேல்’ போட்டு விற்றார்கள். அங்கே நிலவறையில் குடைகளோடு சாய்த்து வைத்திருந்த பழைய பூல் கியூ (மேசைமேல் பந்துகளை அடித்து விளையாடும் கோல்) ஒன்றை 60 டாலருக்கு வாங்கினேன். இரண்டாகக் கழற்றக்கூடியது: மெல்லிய முன்பாதி ‘ஷாஃப்ட்’, தடித்த பின்பாதி ‘பட்’, இரண்டையும் இணைப்பது பித்தளை ஜாயின்ட். கைப்பிடிக்குக் கீழே பழைய பில்லியர்ட்ஸ் வீரர் வில்லி ஹாப்பியின் பெயர் மங்கலாகத் தெரிந்தது. மறுவாரமே அதை ஒரு கடையில் கொடுத்து, “புதுசு மாதிரி ஆக்கித் தாருங்கள்” என்றேன். ஏழு வாரமும் 310 டாலரும் செலவான பிறகு கண்ணாடிபோல் மின்னும் கியூ ஒன்று வந்தது. ஹாப்பியின் பெயர் அதில் இல்லை. பழைய பூச்சைத் தேய்த்தபோது அதுவும் சேர்ந்து போயிருந்தது. 13 மில்லிமீட்டர் இருந்த ஷாஃப்ட் முனை 12-க்கும் கீழே இளைத்திருந்தது. கடைக்காரர் நான் கேட்டதைத்தான் செய்திருந்தார். எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டவன் நான்.

அதன் பிறகு இன்னும் இரண்டு பழைய கியூக்கள் கைக்கு வந்தன. அவற்றை வைத்துக் கற்றுக்கொண்ட வரிசையைக் கீழே தருகிறேன். முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். பழுதுபார்ப்பது என்றால் கியூ மறுபடி விளையாடும் நிலைக்கு வருவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவை மட்டும் செய்வது. புதுப்பிப்பது என்றால் அது செய்யப்பட்ட நாளில் எப்படித் தோன்றியதோ அந்தத் தோற்றத்துக்குத் திருப்ப முயல்வது. கடைகளில் இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பிடுவதால்தான் பெரும்பாலான சேதம் நேர்கிறது.

1. முதல் நாள்: துடைக்காதீர்கள், படம் எடுங்கள்

தூசியோடு, நீலச் சுண்ணக் கறையோடு, உள்ளது உள்ளபடி படம் எடுங்கள். முழு நீளத்தில் ஒன்று; பிறகு ஜாயின்டின் இரு முகங்கள், திருகாணி, கைப்பிடிச் சுற்று, பெயரோ முத்திரையோ இருக்கும் இடம், பட்டின் அடிப்பகுதி, அதை மூடும் ரப்பர் பம்பர், ஒவ்வொரு பள்ளமும் விரிசலும். பெயர் இருக்கும் இடத்தில் டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்துகள் தெரியும். என் முதல் கியூவுக்கு நான் எடுத்து வைத்திருந்தது கைப்பேசியில் மங்கலாக ஒரே ஒரு படம். அதை வைத்துக் கடையில் எதையும் பேச முடியவில்லை.

அடுத்து அளவுகள். ஷாஃப்டையும் பட்டையும் தனித்தனியே சமையலறைத் தராசில் நிறுத்துங்கள். பூல் கியூ பொதுவாக 57 அல்லது 58 அங்குல நீளமும் 18 முதல் 21 அவுன்ஸ் எடையும் இருக்கும். ஓர் அவுன்ஸ் 28 கிராமுக்குச் சற்று மேல். நீளம் 56-க்கும் குறைந்தால், யாரோ முனையை வெட்டியிருக்க வாய்ப்புண்டு. எடை மிகக் குறைவாக இருந்தால் பம்பருக்கு உள்ளே இருக்க வேண்டிய எடை போல்ட் காணாமல் போயிருக்கலாம். அது சில டாலரில் முடிகிற காரியம். வெர்னியர் காலிப்பரால் டிப் (பந்தைத் தொடும் முனை) விட்டம், ஜாயின்ட் விட்டம் இரண்டையும் அளந்து, தேதியோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்னால் கடைக்காரரோடு வாக்குவாதம் வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஆவணம் இதுதான்.

2. கையில் இருப்பது என்ன என்று அறிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு யாரிடமும் கியூவைக் கொடுக்காதீர்கள். பழைய அமெரிக்கக் கியூக்களில் அதிகம் கண்ணில் படுவது பிரன்ஸ்விக் நிறுவனத்தின் தயாரிப்பு. ‘பிரன்ஸ்விக்-பால்கே-காலண்டர்’ என்ற நீண்ட பெயர் இருந்தால், 1960-இல் நிறுவனம் பெயரைச் சுருக்குவதற்கு முந்தையது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம்.

பட்டின் மேற்பகுதியில் ஈட்டி முனைபோல் ஏறிச் செல்லும் கூர் வடிவங்களைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கருமரமும் வெளிர் மேப்பிளும் விரல்களைக் கோத்ததுபோல் முழுமையாக ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருந்தால் அது ‘ஃபுல் ஸ்ப்ளைஸ்’. பிரன்ஸ்விக்கின் ‘டைட்டிலிஸ்ட்’ கியூக்கள் இந்த வகை. பூல் கூடங்களில் பொதுப் பயன்பாட்டுக்கு வைத்திருந்த இந்த ஒற்றைத் துண்டுக் கியூக்களின் அடித்துண்டை எடுத்து, சிகாகோவின் ஹெர்மன் ராம்போ, புரூக்ளினின் ஜார்ஜ் பலபுஷ்கா போன்ற கைவினைஞர்கள் இரண்டு துண்டுக் கியூக்களாக மாற்றிக் கொடுத்தார்கள். ஆகவே சாதாரணமாகத் தெரியும் ஒரு பட், பெயர் எதுவும் இல்லாமலேயே, பெரிய விலைக்குரியதாக இருக்கக்கூடும். மறுபக்கமும் உண்டு. பலபுஷ்கா 1975-இல் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு உரிமம் பெற்று அவர் பெயரில் தொழிற்சாலைக் கியூக்கள் விற்பனைக்கு வந்தன. பெயரைப் பார்த்தவுடன் புதையல் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

ஒற்றைத் துண்டு டைட்டிலிஸ்ட் கிடைத்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. “இதை நடுவில் வெட்டி ஜாயின்ட் போட்டுத் தருகிறேன்” என்று சொல்லும் ஆர்வலர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்த யோசனை தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் வெட்டிய பிறகு அது ஒற்றைத் துண்டாகத் திரும்பப் போவதில்லை. அந்தப் பழைய ஒட்டுச் சின்னமும் பூச்சும் நல்ல நிலையில் உள்ள, வெட்டப்படாத கியூவைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.

3. நேராக இருக்கிறதா என்று பாருங்கள்

முழுக் கியூவை மேசையில் உருட்டிப் பார்த்து “வளைந்திருக்கிறது” என்று சொல்வது பாதிச் சோதனைதான். ஷாஃப்டைத் தனியாக, பட்டைத் தனியாக, பிறகு இரண்டையும் இணைத்து, மூன்று முறை உருட்ட வேண்டும். சமதளமான பரப்பு தேவை; பூல் மேசை இல்லாவிட்டால் சமையலறைக் கிரானைட் மேடை போதும்.

நான் செய்வது இப்படி. இரவில் மேடைக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்துவிட்டு, ஷாஃப்டை விரல் நுனியால் மெல்ல உருட்டி, கண்ணை மேடை மட்டத்துக்கு இறக்கிப் பார்ப்பேன். மரத்துக்கும் கல்லுக்கும் நடுவே ஒளிக்கீற்று ஒன்று தெரியும். உருளும்போது அந்தக் கீற்று ஒரே அகலத்தில் நின்றால் ஷாஃப்ட் நேர். அது மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கினால் வளைவு இருக்கிறது. எந்த இடத்தில் அதிகம் விரிகிறதோ அங்கே பென்சிலால் அல்ல, சிறு காகித ஒட்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

தனித்தனியே இரண்டும் நேராக உருண்டு, இணைத்தால் மட்டும் ஆடுகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் ஜாயின்ட் முகத்தில் இருக்கும். முதலில் புரிகளில் அழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். என் இரண்டாவது கியூவின் ‘வளைவு’ பழைய பல்துலக்கியால் புரியைத் தேய்த்ததும் போய்விட்டது. ஷாஃப்ட் மட்டும் வளைந்திருந்தால் கவலை வேண்டாம்; அதற்கு மாற்று வழி உண்டு, ஆறாவது படியில் சொல்கிறேன். பட் வளைந்திருந்தால்தான் சிக்கல். ஆவி பிடித்து, எடை தொங்கவிட்டு நிமிர்த்தித் தருவதாகச் சொல்வார்கள். நிமிர்ந்த மரம் பெரும்பாலும் பழைய வளைவுக்கே திரும்பும். அதற்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

4. தட்டிக் கேளுங்கள்

பட்டை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, அடிப்பகுதியை உள்ளங்கையில் தட்டுங்கள். சுத்தமான ‘டொக்’ வந்தால் நல்லது. கிர்ரென்ற அதிர்வு கேட்டால் பம்பர் அல்லது எடை போல்ட் தளர்ந்திருக்கலாம். இறுக்கிவிட்டுத் திரும்பத் தட்டுங்கள். அதற்குப் பிறகும் அதிர்வு நின்றபாடில்லை என்றால் கைப்பிடிக்கு அடியில் உள்ள பசை விட்டிருக்கலாம். அது பெரிய வேலை, சுற்றைப் பிரிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

5. தந்தம் இருக்கிறதா? இதில் அவசரம் வேண்டாம்

ஷாஃப்ட் முனையில் டிப்புக்குக் கீழே உள்ள வெள்ளை வளையம் ஃபெரூல். பழைய நல்ல கியூக்களில் இதையும், சில சமயம் ஜாயின்ட் வளையத்தையும் அடி மூடியையும்கூட, யானைத் தந்தத்தில் செய்தார்கள். பூதக்கண்ணாடியில் மெல்லிய அலைக்கோடுகள் தெரிந்து, புற ஊதா டார்ச்சின் கீழ் நீலங்கலந்த வெண்மையாக ஒளிர்ந்தால் தந்தமாக இருக்கலாம். பிளாஸ்டிக் பெரும்பாலும் மங்கலாகத் தெரியும். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் முறையைச் சிலர் சொல்வார்கள். அதைச் செய்யவே வேண்டாம். தந்தமானால் வடு, பழைய செல்லுலாய்டானால் தீ.

இது ஏன் பணத்தைப் பாதிக்கிறது என்றால், அமெரிக்காவில் தந்தப் பொருளை விற்பதற்குக் கடும் கட்டுப்பாடுகள் உள்ளன. 2016 ஜூலை 6 முதல் நடப்பில் உள்ள கூட்டாட்சி விதி ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்தை ஏறக்குறைய முழுமையாகத் தடுக்கிறது. நூறு ஆண்டு தாண்டிய பழம்பொருளுக்கும், 200 கிராமுக்குக் குறைவான தந்தம் ஒரு பகுதியாக மட்டும் பொருத்தப்பட்ட பொருளுக்கும் விலக்கு உண்டு. ஆனால் அந்தத் தந்தம் எப்போது நாட்டுக்குள் வந்தது என்பது போன்ற நிபந்தனைகளைக் காட்டும் பொறுப்பு விற்பவருடையது. இதற்கு மேல் நியூ ஜெர்சியும் நியூயார்க்கும் 2014-இல் தனிச் சட்டங்கள் இயற்றின. கலிஃபோர்னியாவின் சட்டம் 2016-இல் நடப்புக்கு வந்தது. கூட்டாட்சி விதி விடுகிற விற்பனையை மாநிலச் சட்டம் தடுக்கலாம். ஆகவே ‘புதுப்பித்து விற்றால் செலவைத் திரும்ப எடுத்துவிடலாம்’ என்ற கணக்கைப் போடும் முன், உங்கள் மாநில விதியைப் படித்துவிடுங்கள். என் கணக்கு இங்கேதான் தப்பியது.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு எடுத்துப் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு: தந்தம் உள்ள கியூவைப் பெட்டியில் வைக்காதீர்கள். மேலே சொன்ன 200 கிராம் விலக்கு அமெரிக்காவுக்குள் நடக்கும் வணிகத்துக்கு உரியது. எல்லை தாண்டுவதற்கு அது உதவாது. இந்தியாவிலோ 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் இறக்குமதித் தந்தத்தையும் சேர்த்தே தடுக்கின்றன. பட்டில் பிரேசிலிய ரோஸ்வுட் இருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். அந்த மரம் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது.

6. வேலைகளைத் ‘திரும்பப் பெறக்கூடியது’, ‘முடியாதது’ என்று பிரியுங்கள்

ஒரு காகிதத்தை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளக்கூடிய வேலைகள்; வலப்பக்கம், செய்தபின் மீட்க முடியாதவை. பழுதுபார்ப்பில் அடங்குபவை பெரும்பாலும் இடப்பக்கமே வரும்.

டிப் மாற்றுவது இடப்பக்கம். நான் விசாரித்த இடங்களில் 20 முதல் 40 டாலர் கேட்டார்கள், ஒரே நாளில் முடிந்துவிடும். கைப்பிடிச் சுற்றும் இடப்பக்கமே, ஒரு நிபந்தனையோடு: பிரித்த பழைய சுற்றை ஓர் உறையில் போட்டுத் திரும்ப வாங்க வேண்டும், ஏனெனில் காலத்தைக் கணிக்க அதன் நூலும் நிறமும் உதவும். ஐரிஷ் லினனுக்கு 60 முதல் 100 டாலர். தோல் என்றால் அதைப்போல் இருமடங்கு. முதலில் லினன் இருந்த கியூவுக்குத் தோல் போடாதீர்கள். அதற்கான பள்ளம் ஆழம் மாறும், மரத்தைக் கூடுதலாகக் குடைய வேண்டி வரும்.

ஷாஃப்டைச் சுத்தம் செய்வதை நீங்களே வீட்டில் செய்யலாம். மெலமைன் பஞ்சை (கறை நீக்கும் நுரைப்பஞ்சு) தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு, மர இழையின் திசையில் மெல்லத் தேய்த்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். நீல நிறம் முழுதும் போகாது, விட்டுவிடுங்கள். உப்புத்தாளைத் தொடாதீர்கள். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் ஷாஃப்ட் இளைக்கிறது, இளைத்த மரம் வளர்வதில்லை. சிறு பள்ளங்களுக்கு, பூச்சில்லாத ஷாஃப்டில் மட்டும், ஈரமான டிஷ்யூத் துண்டு ஒன்றைப் பள்ளத்தின் மேல் கால் மணி நேரம் ஒட்டி வைத்தால் நசுங்கிய இழை ஊறி எழும்பும். பூச்சு உள்ள பட்டில் இதைச் செய்தால் வெள்ளைப் படலம் பூத்துவிடும். அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கியால் வளையங்களைத் துடைக்கவே வேண்டாம். பழைய பிளாஸ்டிக் சில இளகிக் கரைந்துவிடும்.

ஃபெரூல் மாற்றுவது கோட்டின் மேலேயே நிற்கும் வேலை. விரிசல் விட்டு டிப் நிற்கவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். 50 முதல் 80 டாலர். மயிரிழை விரிசல் மட்டும் இருந்து, தட்டினால் சத்தம் மாறாமல் இருந்தால் விட்டுவிடலாம்.

வலப்பக்கம் வருபவை: ஷாஃப்டை லேத்தில் கடைவது, ஜாயின்ட் முகத்தைச் சீவுவது, நீளத்தை வெட்டுவது, எல்லாவற்றுக்கும் மேலாக பட்டின் பூச்சை நீக்கிப் புதுப் பூச்சு போடுவது. பூச்சு நீக்கத்தை ஏதோ மேலே உள்ள அழுக்குத் தோலை உரிப்பதுபோல் பேசுவார்கள். உண்மையில் லேத்தில் சுழலவிட்டு உப்புத்தாளால் தேய்க்கும்போது மரமும் ஒரு நூலளவு போகும்; உலோக ஜாயின்ட் வளையம் தேயாது. அதனால் விரலை ஓட்டினால் வளையத்தின் ஓரம் சிறு படிபோல் தட்டும். என் ஹாப்பி கியூவில் இன்றைக்கும் அது தட்டுகிறது. முத்திரை, கையெழுத்து, ஒட்டுச் சின்னம் எல்லாம் அந்தப் பூச்சுக்குள்ளோ அடியிலோ இருப்பவை. முழுப் பூச்சுக்கு 200 முதல் 400 டாலர் வரை சொன்னார்கள்.

வளைந்த அல்லது இளைத்த ஷாஃப்டுக்கு நான் சொன்ன மாற்று வழி: பழையதைத் தொடாமல், அதே பட்டுக்கு விளையாடுவதற்கென்று ஒரு புது ஷாஃப்ட் செய்துகொள்வது. 150 முதல் 300 டாலர் ஆகும். பழையது உறையில் பத்திரமாக இருக்கும், பின்னால் விற்றால் இரண்டும் சேர்ந்து போகும். இதில் ஒரு பொறி, திருகாணியின் அளவு. 5/16 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 14 புரி, அதே 5/16-இல் 18 புரி, 3/8-இல் 10 புரி என்று பல வகை. சில பழைய கியூக்களில் ஆணி பட்டில் இல்லாமல் ஷாஃப்டில் இருக்கும். கண்ணால் பார்த்து இணையத்தில் வாங்காதீர்கள். பட்டை, ஷாஃப்ட் செய்பவர் கையில் கொடுத்துப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

7. முடிவெடுங்கள்

விளையாடத்தான் வேண்டும், பெயரோ முத்திரையோ இல்லாத தொழிற்சாலைக் கியூ, பட் நேராக இருக்கிறது என்றால், வலப்பக்க வேலையைக்கூடத் தயங்காமல் செய்யலாம், இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் செலவு 250 டாலரைத் தாண்டினால் அந்தப் பணத்துக்குப் புதிய நல்ல கியூ கிடைக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

அப்பாவுடையது, மாமனாருடையது என்று நினைவுக்காக வைத்திருப்பது என்றால், இடப்பக்க வேலைகளோடு நிறுத்துங்கள். கைபட்டுக் கறுத்த பூச்சைப் புதிதாக்கிவிட்டுப் பிறகு வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.

பெயருள்ள கியூ, அல்லது பெயருள்ளதாக இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள கியூ என்றால், டிப் தவிர எதையும் மாற்றாமல் முதலில் மதிப்பீடு வாங்குங்கள். விலை போகும் கியூவில் அசல் பூச்சின் விரிசல்கூட மதிப்புதான். பூச்சு உரிந்து மரம் ஈரம் குடிக்கும் நிலையில் இருந்தால் மட்டும் புதுப்பிப்பைப் பற்றிப் பேசலாம், அதுவும் அந்தக் கைவினைஞரின் கியூக்களில் முன்பு வேலை செய்தவரிடம். என் மூன்றாவது கியூவான ஒற்றைத் துண்டு டைட்டிலிஸ்டுக்கு நான் செய்தது 25 டாலர் டிப்பும் மெலமைன் பஞ்சும் மட்டுமே.

8. வேலையைக் கொடுக்கும்போது எழுதி வாங்குங்கள்

அமெரிக்கக் கியூ தயாரிப்பாளர் சங்கத்தின் உறுப்பினர்களில் பழுதுபார்ப்பவர்களும் இருக்கிறார்கள். தேடலை அங்கே தொடங்கலாம். பழைய கியூவில் அவர் செய்த வேலையின் முன்-பின் படங்களைக் கேளுங்கள். ‘பின்’ படங்கள் மட்டும் காட்டுபவரை விட்டு நகருங்கள்.

வேலைச் சீட்டில் இவை இருக்க வேண்டும்: செய்யப்போகும் வேலைகள் ஒவ்வொன்றும் தனி விலையோடு, கொடுக்கும்போது ஷாஃப்ட் முனையின் விட்டம், நீளம், எடை, கழற்றும் ஒவ்வொரு பழைய பாகமும் திரும்பத் தரப்படும் என்ற வரி, முத்திரை உள்ள இடத்தைத் தேய்க்கக் கூடாது என்ற வரி, சீட்டில் இல்லாத எதையும் என்னைக் கேட்காமல் செய்யக் கூடாது என்ற வரி. கடைசி வரியைச் சிலர் விரும்பமாட்டார்கள், “லேத்தில் ஏற்றிய பிறகுதான் தெரியும்” என்பார்கள். தெரிந்ததும் தொலைபேசியில் அழைக்கலாமே. முன்பணம் பாதிக்கு மேல் தராதீர்கள்.

காலக்கெடு பற்றி ஒன்று. டிப், சுற்று போன்றவை ஒன்றிரண்டு வாரத்தில் முடியும். புது ஷாஃப்டுக்கு மாதக்கணக்கில் ஆகலாம், ஏனென்றால் மேப்பிளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து, இடையில் ஓய்வு கொடுத்து, வளைகிறதா என்று பார்த்துத்தான் அடுத்த கடைசலுக்கு எடுப்பார்கள். இரண்டே நாளில் ஷாஃப்ட் தருகிறேன் என்பவர், முன்பே கடைந்து வைத்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

9. அனுப்புவதும் திரும்பப் பெறுவதும்

தபாலில் அனுப்புவதானால் அட்டைப்பெட்டி போதாது. வன்பொருள் கடையில் பி.வி.சி. குழாய் வாங்கி, கியூவைக் குமிழித்தாளில் சுற்றி உள்ளே நுழைத்து, இரு முனைகளிலும் மூடி போட்டு ஒட்டுங்கள். குழாயோடு 15 டாலருக்குள் முடியும். மதிப்பைக் குறைத்து எழுதாதீர்கள், தொலைந்தால் அந்தத் தொகைதான் வரும். அதற்குமேல் கேட்டால் மதிப்பீட்டுத் தாளோ வாங்கிய ரசீதோ காட்டச் சொல்வார்கள். நேரில் கொண்டுபோனால் கோடையில் கார் டிக்கியில் விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விடாதீர்கள். அந்தச் சூட்டில் பழைய பசை இளகும்.

திரும்பி வந்ததும் ஒரு நாள் அறை வெப்பத்தில் கிடத்திவிட்டு, மூன்றாவது படியின் மூன்று உருட்டல்களையும் மறுபடி செய்யுங்கள். காலிப்பரை எடுத்து முதல் நாள் தாளோடு ஒப்பிடுங்கள். ஜாயின்ட் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். பழைய பாகங்கள் உள்ள உறையை எண்ணி வாங்குங்கள். பாக்கிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.